எங்கள் வீட்டு ஈழத்தலரி பூத்த விதம்

2019 பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது, அம்மன் கோயில் வாசலில் நிற்கும் ஈழத்தலரி மரத்தின் இரண்டு கிளைகளை வெட்டிப் போட்டிருந்தார்கள். கரண்ட் கம்பியில் உரசுகிறதாம். தாமிரபரணிக் கரையில் இருக்கும் அந்த ஊரில்தான் பத்து வயது வரை வளர்ந்தேன். காலையில் அந்த மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் பூக்களைப் பொறுக்கி, ஈர்க்குச்சியில் கோத்து விளையாடுவோம். வெள்ளை இதழ், நடுவில் மஞ்சள். எங்களுக்கு அது கோயில் அரளி. ஈழத்தலரி, கள்ளிமந்தாரை என்ற பெயர்களெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டவை. சென்னை நர்சரிகளில் புளுமேரியா என்று கேட்டால்தான் உடனே காட்டுகிறார்கள்.

கிடந்த கிளைகளில் இருந்து மூன்று கொம்புகளை எடுத்து, செய்தித்தாளில் சுற்றி, ரயிலில் கொண்டுவந்தேன். இலை ஒன்றுகூட இல்லை. விறகுக்கட்டை மாதிரிதான் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் அத்தை பார்த்துவிட்டு, "இது கல்லறை மரமாச்சே, இதை எதுக்கும்மா வீட்டுக்குக் கொண்டாந்தே?" என்றார். அவர் வளர்ந்த தெருவின் முனையில் ஒரு கல்லறைத் தோட்டம் இருந்தது, அதன் மதில் ஓரம் முழுக்க இந்த மரம்தான். எனக்குக் கோயில், அவருக்குக் கல்லறை. மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும்கூட இதை இடுகாட்டோடும் பேயோடும் சேர்த்துச் சொல்லும் வழக்கம் உண்டு. இலங்கையில் இதே பூவைப் புத்தர் முன்னால் தட்டு நிறைய வைத்து வணங்குகிறார்கள். லாவோஸ் நாட்டின் தேசிய மலரும் இதுதான். அத்தையிடம் இதையெல்லாம் சொல்லி வாதாடவில்லை. "கோயில் மரத்துக் கொம்பு அத்தை" என்று மட்டும் சொன்னேன். சரி என்று விட்டுவிட்டார்.

அன்று இரவே இரண்டு கொம்புகளைத் தொட்டியில் நட்டு, வாளித் தண்ணீரை ஊற்றினேன். மூன்றாவதற்குத் தொட்டி இல்லை. அது செய்தித்தாளோடு மாடிப்படிக்குக் கீழே போய்விட்டது. அப்புறம் பள்ளி திறந்தது, விடைத்தாள் வந்தது, நான் மறந்தே போனேன்.

மூன்று வாரம் கழித்து நட்ட இரண்டையும் தொட்டுப் பார்த்தால், அடிப்பகுதி பழுத்த வாழைப்பழம் போல அமுங்கியது. இழுத்தால் கையோடு வந்தது. ஒரே நாற்றம். மாடிப்படிக்குக் கீழே மறந்து கிடந்தது மட்டும் லேசாகத் தோல் சுருங்கி, கெட்டியாக இருந்தது. வெட்டிய முனையில் பால் உறைந்து, அதன்மேல் பக்குக் கட்டியது போல ஒரு தடிப்பு. அதை நட்டேன். இன்று மொட்டை மாடியில் என் தலைக்கு மேலே நிற்கும் மரம் அந்த மறந்துபோன கொம்புதான்.

கொம்பு நடப் போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: வெட்டிய கையோடு நடாதீர்கள். இந்த மரத்தின் தண்டுக்குள் நீரும் பாலும் நிறைய இருக்கிறது. வெட்டுக்காயம் ஆறாமல் ஈர மண்ணுக்குள் போனால் பூஞ்சை அந்த வழியாகவே உள்ளே போகும். இலைகளைக் கிள்ளிவிட்டு, நிழலில், காற்றுப் படும் இடத்தில் இரண்டு வாரம் போட்டு வையுங்கள். அதற்காகக் காய்ந்து செத்துவிடாது. கட்டைவிரலை விடத் தடிமனான, ஒன்று முதல் ஒன்றரை அடி நீளமுள்ள, தோல் சாம்பல் நிறத்துக்கு மாறிய கொம்பாகப் பாருங்கள். பச்சையாக இருக்கும் இளங்கொம்பு எளிதில் அழுகும். வெட்டச் சரியான காலம் மரம் மொட்டையாக நிற்கும் தை, மாசி. நடுவது மாசிக் கடைசி அல்லது பங்குனி, வெயில் ஏறும்போது. மண் சூடாக இருந்தால்தான் வேர் சீக்கிரம் இறங்கும்.

பால் விஷயத்தில் கவனம் வேண்டும். அரளி, நந்தியாவட்டை, நித்தியகல்யாணி, அடீனியம் எல்லாம் இதே குடும்பம். ஒருமுறை மணிக்கட்டில் பட்ட பாலைக் கழுவாமல் விட்டு, இரண்டு நாள் சொறிந்துகொண்டிருந்தேன். கண்ணில் பட்டுவிடக் கூடாது. கையுறை போட்டுக்கொண்டு வெட்டுங்கள். நல்ல புடவை வேண்டாம், கறை போகாது. வீட்டில் நாயோ சிறு குழந்தையோ இருந்தால், வெட்டிய துண்டுகளை உடனே அப்புறப்படுத்திவிட வேண்டும்.

நட்டபின் மூன்று, நான்கு அங்குலம் மண்ணுக்குள் இருந்தால் போதும். ஆடாமல் இருக்க ஒரு குச்சியில் கட்டிவிடுங்கள். நடும் அன்று ஒரு தண்ணீர். அதற்குப் பிறகு மேல்மண் நன்றாகக் காய்ந்தால் ஒரு குவளை. ஆறு முதல் எட்டு வாரம் பொறுக்க வேண்டும். நடுவில் நுனியில் இலை துளிர்க்கும். அதைப் பார்த்து வேர் விட்டுவிட்டது என்று நம்பி நான் உரம் வைத்திருக்கிறேன். தண்டில் சேர்த்து வைத்திருக்கும் நீரைக் கொண்டே அது இரண்டு இலை விடும். இலை ஐந்தாறு ஆகி, உள்ளங்கை அளவைத் தாண்டியபிறகுதான் வேர் வேலை செய்கிறது என்று அர்த்தம். வேர் பிடித்ததா என்று இழுத்து இழுத்துப் பார்க்கவும் கூடாது, புதுவேர் கண்ணாடிக் குச்சி மாதிரி உடையும். வேர் விடுவதற்கு முன்னாலேயே சில கொம்புகள் பூங்கொத்தை நீட்டும். மனசு கேட்காதுதான், ஆனாலும் கிள்ளிவிடுங்கள். இருக்கும் சத்து வேருக்குப் போகட்டும்.

மண் கலவையிலும் அடிபட்டுத்தான் கற்றேன். நர்சரியில் வாங்கும் செடிகள் பெரும்பாலும் தென்னை நார்க்கழிவில்தான் வருகின்றன. அவர்களுக்கு அது சுமக்க எளிது. ஆனால் மேலே காய்ந்தது போலத் தெரிந்தாலும், உள்ளே நாள் கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். வாங்கி வந்து ஒரு வாரம் பழகியதும், அந்தக் கலவையை முடிந்தவரை உதிர்த்துவிட்டு மாற்றிவிடுகிறேன். என் கலவை: இரண்டு பங்கு செம்மண், இரண்டு பங்கு பருமணல், ஒரு பங்கு மக்கிய எரு, ஒரு பங்கு உடைத்த செங்கல் ஜல்லி. ஒரு குவளை தண்ணீரை ஊற்றினால் அரை நிமிடத்துக்குள் அடியில் வடிய ஆரம்பிக்க வேண்டும். தேங்கி நின்றால் இன்னும் மணல் சேருங்கள். தொட்டி முதல் வருடம் 10 அங்குலம் போதும். ஆரம்பத்திலேயே பெரிய டிரம்மில் வைத்தால், வேர் எட்டாத மண்ணில் ஈரம் தேங்கி நிற்கும்.

சரி, கொம்பு பிழைத்தது. பூ?

2019, 2020, 2021 என்று மூன்று கோடை போனது. இலை வந்தது. என்ன இலை! ஒன்றரை அடி நீளத்துக்குக் கரும்பச்சையாகப் பளபளவென்று இருக்கும். வருகிறவர்கள் எல்லாம் செடி செழிப்பாக இருக்கிறதே என்பார்கள். பூ மட்டும் இல்லை. நான் செய்த பிழைகள் மூன்றும் ஒன்றின்மேல் ஒன்றாக இருந்ததால், எது காரணம் என்று பிரித்துப் பார்க்கவே தெரியவில்லை.

முதலாவது இடம். போர்ட்டிகோ ஓரத்தில், பக்கத்து வீட்டு வேப்பமரத்துக்குக் கீழே வைத்திருந்தேன். காலையில் இரண்டு மணி நேரம் வெயில் படும், அவ்வளவுதான். இந்த மரத்தின் சொந்த ஊர் மெக்சிகோ, மத்திய அமெரிக்கா, கரீபியன் தீவுகள். வறண்ட சரிவுகளிலும் கடற்கரையிலும் வெட்டவெளியில் நின்று பழகிய சாதி. குறைந்தது ஆறு மணி நேரம் நேரடி வெயில் வேண்டும், எட்டு என்றால் இன்னும் நல்லது. நிழலிலும் அது சாகாது, இலையை அகலமாக்கி, கொம்பை ஒல்லியாக நீட்டி, வெளிச்சத்தைத் தேடும். இலை அளவுக்கு மீறிப் பெரிதாக இருந்தால் செழிப்பு என்று சந்தோஷப்படாதீர்கள், முதலில் வெயில் போதுமா என்று பாருங்கள்.

இரண்டாவது சாப்பாடு. வாரம் ஒருமுறை கடலைப் புண்ணாக்கு ஊறவைத்த தண்ணீர், மாதம் ஒருமுறை சாணக் கரைசல். இரண்டிலும், அதிலும் புண்ணாக்கில், தழைச்சத்து (நைட்ரஜன்) அதிகம். தழைச்சத்தைக் கொட்டிக்கொண்டே இருந்தால் செடி தழைத்துக்கொண்டே இருக்கும், அதற்குப் பூக்க வேண்டிய அவசியமே இல்லை.

மூன்றாவதுதான் எனக்கு இன்றும் மனசு வலிக்கும் பிழை. ரோஜாவுக்குச் செய்வதுபோல ஒவ்வொரு தை மாதமும் நுனிகளை வெட்டிவிட்டேன், நிறையக் கிளைக்கும் என்று. ஈழத்தலரி கொம்பின் நுனியில் மட்டும்தான் பூக்கும். பக்கக் கணுவில் பூக்காது. கொம்பு ஓரளவு முதிர்ந்தபிறகு, அதன் நுனிமொட்டே பூங்கொத்தாக மாறுகிறது. நான் ஒவ்வொரு வருடமும் பூக்கத் தயாராகும் நுனியைத்தான் வெட்டி எறிந்துகொண்டிருந்தேன். வெட்டிய இடத்திலிருந்து வரும் புதுக்கிளை முதிர மறுபடி ஒரு பருவம் ஆகும். அது முதிர்வதற்குள் கத்தரியோடு நான் வந்து நிற்பேன்.

இதைச் சொல்லித் தந்தவர், தாம்பரம் பக்கம் சாலையோரம் செடி விற்கும் ஒரு பெரியவர். 2021 கடைசியில் செம்மண் வாங்கப் போனபோது போனில் படம் காட்டினேன். பார்த்த உடனே, "கத்திய தூரப் போடும்மா. மாடிக்கு ஏத்து. தண்ணிய நிறுத்து" என்றார். மூன்றே வாக்கியம்.

2022 ஜனவரியில் என் கணவரும் மகனுமாகத் தொட்டியைத் தூக்கி மாடியில் வைத்தார்கள். இலையெல்லாம் உதிர்ந்திருந்தது. பிப்ரவரி முடியும்வரை தண்ணீரே விடவில்லை. அத்தைகூட, "பட்டுப்போச்சுபோல, எடுத்துப் போட்டுடு" என்றார். நகத்தால் தோலைக் கீறிப் பார்த்தேன், உள்ளே பச்சை இருந்தது. மார்ச் முதல் வாரம் நுனி லேசாகப் பிளந்து பச்சை தெரிந்ததும் தண்ணீரை ஆரம்பித்தேன். ஏப்ரலில் நுனியில் புதிதாக ஒன்று வந்தது. இலைத் துளிர் கூர்மையாக, சுருட்டிய வெற்றிலை மாதிரி வரும். இது அப்படி இல்லை. பறவைக் காலை மடக்கியது போல, செம்பச்சை நிறத்தில், குட்டிக் குட்டி முடிச்சுகளாக இருந்தது. தினமும் காலையில் மேலே போய்ப் பார்த்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பேன்.

மே மாதக் கத்திரியில் மொட்டில் பாதி கருகி உதிர்ந்தது. அந்த வாரம் நாங்கள் வெளியூர் போயிருந்தோம், நான்கு நாள் தண்ணீர் இல்லை. மொட்டுப் பருவத்தில் மண் முழுக்கக் காய்ந்து, பிறகு திடீரென்று நிறையத் தண்ணீர் விட்டால் மொட்டை உதிர்த்துவிடும் என்பது அன்று தெரிந்தது. உதிர்ந்த மொட்டைப் பிரித்துப் பார்த்து, உள்ளே ஊசிமுனை அளவில் பூச்சி ஓடினால் அது இலைப்பேன், அதற்கு வேப்பெண்ணெய் தெளிக்க வேண்டும். என் மொட்டில் பூச்சி இல்லை, பிழை தண்ணீரில்தான். மீதி மொட்டுகள் நின்றன. ஜூன் 3ஆம் தேதி காலை முதல் பூ. வெள்ளை, நடுவில் மஞ்சள், கோயில் வாசலில் கிடக்குமே, அதே பூ. நான் அழுதுவிட்டேன்.

ஒரு கொத்து ஒரே நாளில் பூத்து முடிவதில்லை. தினம் இரண்டு, மூன்று என்று ஆகஸ்ட் வரை பூத்தது. பகலை விட இரவில்தான் மணம் அதிகம். இந்தப் பூவில் தேன் கிடையாது என்பது எனக்கு ஆச்சரியமான செய்தி. இரவில் பறக்கும் பெரிய அந்துப்பூச்சிகளை மணத்தாலேயே வரவழைக்கிறது. அவை தேன் தேடி ஒவ்வொரு பூவாக நாக்கை விட்டுப் பார்க்கின்றன, அந்தச் சாக்கில் மகரந்தம் கடத்தப்படுகிறது. ஒன்றும் கொடுக்காமலே வேலை வாங்கிவிடுகிறது. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு மாடியில் உட்காருவது எங்கள் வீட்டில் அந்தக் கோடையில்தான் வழக்கமானது.

பூங்கொத்து முடியும்போது அதன் அடியில் உற்றுப் பாருங்கள். இரண்டு, மூன்று புதுக்குருத்துகள் முட்டிக்கொண்டு வரும். கத்தரி இல்லாமலே மரம் தானாகக் கிளைக்கிறது. ஒரு நுனி மூன்றாகும், அவை முதிர்ந்தபின் மூன்று கொத்து. 2022இல் ஒரு கொத்து, 2023இல் மூன்று, 2025இல் எண்ணியபோது பதினொன்று. எல்லா நுனியும் எல்லா வருடமும் பூப்பதில்லை, சில நுனிகள் ஒரு வருடம் சும்மா இருக்கின்றன. வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால், தை மாசியில் மட்டும், ஒல்லியாக நீண்டதையும் ஒன்றோடொன்று உரசுவதையும் மட்டும் வெட்டுங்கள்.

உரத்தைக் குறைத்துவிட்டேன். மார்ச் மாதம் துளிர்க்கும்போது தொட்டிக்கு இரண்டு கைப்பிடி மண்புழு உரம், ஒரு கைப்பிடி எலும்புத்தூள். பிறகு ஆகஸ்ட் வரை மாதம் ஒருமுறை சிறிதளவு மண்புழு உரம், ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி எப்சம் உப்பு. செப்டம்பருக்குப் பிறகு எதுவும் இல்லை. பூ உரம் என்று மணிச்சத்து (பாஸ்பரஸ்) மிக அதிகமாக உள்ள ஒரு பாக்கெட் வாங்கிப் போட்டேன், ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. மணிச்சத்து அளவுக்கு மீறினால் இரும்பும் துத்தநாகமும் செடிக்குக் கிடைக்காமல் போகும். வெயில் இல்லாத இடத்தில் எந்தப் பாக்கெட்டும் பூ கொண்டுவராது. எங்கள் போர் தண்ணீரில் உப்பு அதிகம், இலை ஓரம் கருகும். அதனால் மழைநீரைப் பிடித்து வைத்து மாற்றி மாற்றி ஊற்றுகிறேன்.

புதிதாக வாங்குகிறவர்கள் இது ஈழத்தலரியில் எந்த இனம் என்று தெரிந்துகொள்ள இலையைப் பார்த்தால் போதும். நுனி கூர்மையாக இருந்தால் ருப்ரா. வெள்ளை, மஞ்சள், இளஞ்சிவப்பு, சிவப்பு என்று நிறங்கள் எல்லாம் பெரும்பாலும் இதில்தான், குளிர்காலத்தில் இலை உதிர்க்கும். நுனி வட்டமாகவும் இலை பளபளப்பாகவும் இருந்தால் ஒப்டூசா. வெள்ளைப் பூ, நம் ஊரில் ஏறக்குறைய எப்போதும் பச்சையாக நிற்கும். இலை பாம்பு படமெடுத்தது போலவோ கரண்டி போலவோ இருந்தால் புடிகா. மணம் இல்லை என்றே சொல்லலாம், ஆனால் கொத்துக் கொத்தாகப் பூக்கும், சீக்கிரம் பூக்கும். காத்திருக்கப் பொறுமை இல்லை என்பவர்களுக்கு நான் புடிகாவைத்தான் சொல்வேன். என் மனசு என்னவோ மணம் உள்ளதில்தான்.

விதையில் வளர்ந்த செடி வாங்குவதாக இருந்தால் இரண்டு, மூன்று வருடம் காத்திருக்க வேண்டும், தாய்மரத்தின் நிறமே வரும் என்றும் சொல்ல முடியாது. அடர்சிவப்பு என்று படம் காட்டி எனக்கு ஒரு செடி வந்தது. பெயர் எழுதிய அட்டைகூட இருந்தது. இரண்டரை வருடம் கழித்துப் பூத்தால் வெளிறிய இளஞ்சிவப்பு. அதனால் இப்போது பூவோடு இருக்கும் செடியைக் கண்ணால் பார்த்துத்தான் வாங்குகிறேன். ஒட்டுச்செடி என்றால் ஒட்டுக்குக் கீழே வரும் துளிரை உடனே கிள்ளிவிட வேண்டும். விட்டால் அடிச்செடி மேலோங்கிவிடும்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையை மறக்க முடியாது. தெருவில் தண்ணீர், கரண்ட் இல்லை, செடிகளை யார் நினைப்பார்கள்? ஐந்து நாள் கழித்து மாடிக்குப் போனால் தொட்டிகளின் தட்டுகளில் தண்ணீர் நிற்கிறது. இரண்டு வாரத்தில் சிவப்புப் பூ ரகத்தின் கொம்பு ஒன்று சுருங்க ஆரம்பித்தது. அமுக்கினால் மெத்தென்று இருந்தது. கத்தியை ஸ்பிரிட்டில் துடைத்துக்கொண்டு, அழுகிய பாகத்துக்கு நான்கு விரல் மேலே வெட்டினேன். வெட்டுமுகத்தில் பழுப்பு வளையம் தெரிந்தது. இன்னும் மேலே, இன்னும் மேலே என்று வெட்டி, முழுக்க வெள்ளையாக, பால் துளிர்த்து நின்ற இடத்தில் நிறுத்தினேன். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடைக்க வேண்டும். மீந்தது ஒரு சாண். அதைக் காயவைத்து நட்டதில் பிழைத்துக்கொண்டது. இப்போது ஐப்பசி பிறந்ததும் தட்டுகளை எடுத்துவிடுகிறேன், தொட்டிகளைச் செங்கல்மேல் ஏற்றுகிறேன், சின்னத் தொட்டிகளைச் சன்ஷேடுக்குக் கீழே தள்ளிவிடுகிறேன். தூக்க முடியாத பெரிய தொட்டியை ஒரு பக்கம் சாய்த்து வைத்தாலே பாதி மழை வழிந்துவிடும்.

மழைக்காலத்தில் இலையின் அடியில் ஆரஞ்சு நிறத்தில் பொடி தெரிந்தால் அது துரு நோய். விரலில் மஞ்சள்தூள் போல ஒட்டும். அந்த இலைகளைப் பறித்துப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள், உரக்குழியில் போட வேண்டாம். மாலையில் இலைமேல் தண்ணீர் அடிக்காதீர்கள். எப்படியும் மார்கழியில் இலை உதிரப் போகிறது, மருந்துக்கு ஓடத் தேவையில்லை.

மாவுப்பூச்சி அப்படி இல்லை. 2008இல் கோயம்புத்தூரில் முதலில் தென்பட்டு, பப்பாளி, மரவள்ளி, மல்பெரி எல்லாவற்றையும் பாழாக்கிய பப்பாளி மாவுப்பூச்சிக்கு இந்த மரமும் விருந்துதான். அதைத் தின்று அழிக்கும் ஒட்டுண்ணிக் குளவியை 2010இல் வெளிநாட்டிலிருந்து தருவித்து விட்டபிறகு அந்தக் கொடுமை பெரிய அளவில் அடங்கியது. அதனால்தான் கடுமையான பூச்சிமருந்தை நான் தொடுவதில்லை, குளவியும் சேர்ந்து சாகும். குழாயைப் பீய்ச்சி அடித்துக் கழுவிவிட்டு, ஒரு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயோடு கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து, வெயில் தாழ்ந்தபிறகு வாரம் ஒருமுறை தெளிக்கிறேன். எறும்பு ஏறுகிறதா என்றும் பாருங்கள். மாவுப்பூச்சியின் இனிப்புக் கழிவுக்காக எறும்புதான் அதைக் காவல் காத்து வளர்க்கிறது.

அத்தைக்கு முட்டி வலி, மாடி ஏறுவதில்லை. பூக்கும் காலத்தில் காலையில் கீழே விழுந்த பூக்களைத் தட்டில் எடுத்துவந்து கொடுப்பேன். முதல் வருடம் சாமி படத்துக்கு வைக்க மாட்டேன் என்று சாப்பாட்டு மேசையில் ஒரு கிண்ணத் தண்ணீரில் மிதக்கவிட்டார். போன வருடம் ஆடி வெள்ளியன்று குளித்துவிட்டு வந்து பார்த்தால், அம்மன் படத்துக்கு முன்னால் ஐந்து பூ இருந்தது. நான் எதுவும் கேட்கவில்லை.

இந்த மாசியில் உரசிக்கொண்டிருந்த இரண்டு கொம்புகளை வெட்டினேன். ஒன்று அத்தையின் தங்கை கேட்டது, செங்கல்பட்டில் அவர்களுக்குப் பெரிய முற்றம் இருக்கிறது. இன்னொன்று பக்கத்து வீட்டுக்கு. இரண்டையும் வெட்டிய தேதி எழுதிச் செய்தித்தாளில் சுற்றி மாடிப்படிக்குக் கீழே வைத்திருக்கிறேன், 2019இல் மறந்துபோன அதே இடத்தில். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் முனை காய்ந்துவிடும்.